அங்கே என்ன வேலை?

வேதாரண்யத்துக்குப் போகிறேன் என்று சொன்னால், "அங்கே உமக்கு என்ன வேலை?" என்று கேட்காதவர் பட்டணத்தில் அபூர்வம். திதி கொடுக்கப் போகிறேன் என்றால் சரி. அமாவாசை ஸ்நானம் என்றால் அதுவும் சரி. சும்மா பார்க்கப் போகிறேன் என்றால்தான் சந்தேகம் வந்துவிடுகிறது. கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, நடுவில் நாலு வயலும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. இதற்காகவா இத்தனை தூரம் என்கிறார்கள். நல்ல ஓட்டல் உண்டா, சினிமாக் கொட்டகை உண்டா, கடற்கரையில் சுண்டல் விற்பார்களா என்று வரிசையாகக் கேள்விகள் பிறக்கும்.

இந்தக் கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததல்ல. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்னால் சுந்தரமூர்த்தி நாயனார், தம் சிநேகிதர் சேரமான் பெருமாளை அழைத்துக் கொண்டு வேதாரண்யம் வழியாகக் கோடிக்கரைக்கு வந்தார். வந்தவர் அங்கே கோயில் கொண்டிருக்கும் குழகரைப் பார்த்து, ஏறக்குறைய இதையேதான் கேட்டார். காற்று இப்படி அடிக்கிறது, அக்கம்பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லை, இந்தக் கரையில் தனியே உட்கார்ந்து என்ன செய்கிறீர் என்பது அந்தப் பதிகத்தின் வருத்தம். கடவுள் பதில் சொன்னதாகத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் மட்டும் அன்று தொட்டு இன்று வரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வாயால் அல்ல, கையால்.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே நேராக வரும் கடற்கரை, கோடிக்கரைக்கு வந்ததும் யாரோ முழங்கையை மடக்கினாற்போல் மேற்கே திரும்பிவிடுகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் ஜலசந்தி. திரும்பிய கரைக்கு உட்புறமாக முத்துப்பேட்டை வரைக்கும் பெரிய சதுப்பு நிலம். கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே நீண்ட மணல் திட்டு. அந்தத் திட்டின் மேல்தான் கிராமங்கள், தோப்புகள், வயல்கள், கோயில்கள் எல்லாம்.

மணலில் கொஞ்சம் தோண்டினால் இனிப்பான தண்ணீர் வரும். பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். மழைத் தண்ணீர்தான் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து கொண்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும், அந்தப் பக்கத்துக் குடியானவனின் குணம் பாதி விளங்கிவிடும். அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அவனுக்கு நீதி நூலில் படித்த பாடம் அல்ல.

தஞ்சாவூர் ஜில்லா என்றால் காவிரி, காவிரி என்றால் நெல் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். இது காவிரியின் வால். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லோருடைய வயலையும் நனைத்துவிட்டு மிச்சம் மீதி இருந்தால் இங்கே எட்டிப் பார்க்கும். ஆகவே நெல்லுக்கு வானத்தைப் பார்த்தார்கள். மற்றதற்கு மணலைப் பார்த்தார்கள். புகையிலை போட்டார்கள். வேதாரண்யம் புகையிலை என்றால் வெற்றிலை போடுகிறவர்கள் மத்தியில் ஒரு காலத்தில் தனி மதிப்பு இருந்தது. கடலை, மா, தென்னை, சவுக்கு எல்லாம் மணலில் வந்தன. முல்லைப் பூவும் வந்தது. இன்றைக்கும் சுற்றுக் கிராமங்களில் முல்லைக் கொல்லைகள் உண்டு. பொழுது பலபலவென்று விடியும்போது பெண்கள் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு அரும்பு பறிப்பதைப் பார்க்கலாம். பறித்ததைப் பஸ்ஸுக்குள் ஏற்றினால்தான் காசு. வெயில் ஏறினால் பூ விரிந்துவிடும், விலை சுருங்கிவிடும்.

கோயிலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை. வேதங்கள் வந்து பூஜை செய்து அடைத்துவிட்டுப் போன கதவை, அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார். திறக்கப் பதிகம் முழுவதும் வேண்டியிருந்தது, மூட ஒரு பாட்டு போதுமாக இருந்தது என்று அப்பருக்கே மனக்குறை ஏற்பட்டதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது எலியின் கதை. விளக்கில் இருந்த நெய்யைத் தின்ன வந்த எலி, மூக்கு பட்டுத் திரியைத் தூண்டிவிட்டது; அணையப் போன விளக்கு நன்றாக எரிந்தது; அதற்காக அந்த எலி மகாபலி சக்கரவர்த்தியாகப் பிறந்தது. செய்கிறோம் என்று தெரியாமல் செய்த வேலைக்குக்கூடக் கூலி உண்டு என்று நம்பிய ஊர். திருவாரூருக்குத் தேர் அழகு, வேதாரண்யத்துக்கு விளக்கு அழகு என்று பெரியவர்கள் சொல்வதும் இந்த ஊரைத்தான்.

இனி உப்புக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த ஊரின் சரித்திரம் இல்லை.

உழவனும் உப்பு விளைவிப்பவனும் வேறு வேறு ஜாதி மனிதர்கள் என்று நாம் நினைக்கிறோம். உப்பளத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. அங்கேயும் பாத்தி, அங்கேயும் வரப்பு, அங்கேயும் மடை. தரையை மிதித்து இறுக்கிச் சமன் செய்ய வேண்டும். உப்புத் தண்ணீரைப் பெரிய பாத்திகளில் விட்டு வெயிலில் சுண்டவைத்து, அடர்த்தி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்ற வேண்டும். கடைசிப் பாத்தியில் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு படரும். பிறகு கீழே மணிமணியாகக் கட்டும். நீண்ட காம்பு போட்ட மரப்பலகையால் வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். வித்தியாசம் ஒன்றுதான். மழை வந்தால் உழவனுக்குக் கொண்டாட்டம். உப்பளத்தில் அதே மழை விளைந்ததைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளம் தூங்க, வயல் விழித்துக்கொள்கிறது. கோடையில் வயல் தூங்க, உப்பளம் விழித்துக்கொள்கிறது. இரண்டையும் நம்பிப் பிழைக்கிற குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

சங்க காலத்துப் பாட்டுக்களில் உமணப் பெண் தெருவில் உப்பைக் கூவி நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போகிறாள். அவளுக்கு யாரும் சீட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. சீட்டு கேட்கும் காலம் பிற்பாடு வந்தது. 1805-ம் வருஷம் கம்பெனி சர்க்கார் சென்னை ராஜதானியில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவிப்பவன் சர்க்காருக்குத்தான் போட வேண்டும். தின்கிறவன் சர்க்கார் வைத்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். பிற்காலத்தில் முறைகள் மாறின. வரி மட்டும் போகவில்லை.

வேதாரண்யத்தில் இதில் ஒரு விசேஷக் கொடுமை இருந்தது. இந்தச் சதுப்பில் உப்பை யாரும் விளைவிக்கக்கூட வேண்டியதில்லை. கோடையில் தண்ணீர் வற்றினால் தானாகவே வெள்ளை வெளேரென்று படியும். ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி கூடையோடு போய்க் குனிந்து வாரினால் அந்த மாதக் குழம்புக்கு ஆயிற்று. அப்படி வாரினால் குற்றம். காவல் போட்டார்கள். அது மட்டுமா? தானாக விளைந்த உப்பை யாரும் எடுத்துவிடாதபடி அழிப்பதற்கென்றே ஆட்களை வைத்தார்கள். பகவான் கொடுத்ததை மண்ணோடு கலந்து மிதிப்பதற்குச் சம்பளம்! நான் கதை எழுதுகிறவன். இப்படி ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

1930 ஏப்ரல் 6-ம் தேதி காந்திஜி தண்டிக் கடற்கரையில் குனிந்து உப்பை எடுத்தார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13-ம் தேதி, ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். வழி 150 மைல். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போய் வேதாரண்யத்தில் முடியும் பிரயாணம். வேதாரண்யத்தில் எல்லாவற்றையும் தோளில் தாங்கி நின்றவர் வேதரத்தினம் பிள்ளை.

அப்போது தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் துரை. கெட்டிக்காரர். தொண்டர்களை வழியிலேயே அடித்து விரட்டினால் ஜனங்கள் திரண்டுவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே வேறொரு யுக்தி செய்தார். இவர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் தங்க இடம் கொடுக்கிறவர்களுக்கும் சிறைத் தண்டனை என்று துண்டுப் பிரசுரம் போட்டார், தண்டோராவும் போட்டார். பட்டினி கிடந்து தாமாகவே திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு.

கலெக்டர் துரைக்குச் சட்டம் தெரியும், தஞ்சாவூர் ஜில்லா தெரியாது. வாசலில் வந்து நின்றவனுக்கு இலை போடாமல் அனுப்பினால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுகிற ஜனங்கள் இவர்கள். கும்பகோணத்தில் பந்துலு அய்யர் தைரியமாக அழைத்து உபசரித்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். தைரியம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ருசிகரமாக இருக்கிறது. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். தொண்டர்கள் அந்தப் பக்கமாக வந்தால் மரத்தில் சோறு காய்த்திருக்கும். யார் வைத்தது? போலீஸார் யாரைப் பிடிப்பது? புளியமரத்தின் மேல் வழக்குப் போட இந்தியன் பீனல் கோடில் இடம் இல்லை.

சரித்திரப் புத்தகங்களில் தலைவர்களின் பெயர் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதிகாலையில் எழுந்து, கூட ஐந்து படி வடித்து, புளி விட்டுப் பிசைந்து, வாழை இலையில் கட்டி, புருஷனையோ பிள்ளையையோ அனுப்பிக் கிளையில் மாட்டச் சொன்ன பெண்களின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அவர்கள் தினமும் செய்கிற வேலையைத்தான் அன்றும் செய்தார்கள். அந்த வேலையைச் சர்க்கார் குற்றமாக்கிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 28-ம் தேதி படை வேதாரண்யம் வந்து சேர்ந்தது. 30-ம் தேதி காலையில் ராஜாஜி அகஸ்தியம்பள்ளிப் பக்கத்தில் உப்பை அள்ளினார், கைதானார், ஆறு மாதம் தண்டனை. அவருக்குப் பின்னும் நாள்தோறும் தொண்டர்கள் போனார்கள். தடியடி நடந்தது. ருக்மிணி லட்சுமிபதி கைதானார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண்மணி அவர்தான். விருதுநகரிலிருந்து வந்திருந்த காமராஜ் என்ற இளைஞரும் இதே போராட்டத்தில் சிறைக்குப் போய், வங்காளத்து அலிப்பூர்ச் சிறையில் இருந்தார். வேதரத்தினம் பிள்ளைக்குச் சிறையும் கிடைத்தது, சொத்தும் பறிமுதலாயிற்று.

இத்தனை பேரிலும் நான் மறக்க முடியாதவர் வைரப்பன். வேதாரண்யத்து நாவிதர். சத்தியாக்கிரகிகளை அடிக்கிற போலீஸாருக்கு ஊரில் யாரும் ஊழியம் செய்வதில்லை என்று கட்டுப்பாடு; சலவைத் தொழிலாளி துணி எடுக்க மாட்டார், நாவிதர் கத்தி எடுக்க மாட்டார். ஒரு நாள் உடுப்பில்லாமல் வந்த ஒருவருக்கு வைரப்பன் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் ஆயிற்று. அப்போதுதான் ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மீதி முகத்தோடு அந்தப் போலீஸ்காரர் அவரை மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுபோய் நிறுத்தினார். செய்து முடி, இல்லாவிட்டால் சிறை என்று உத்தரவு. மீதியை வேண்டுமானால் தாங்களே முடித்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் பதில் சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனார் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அவருக்கு அங்கே நினைவுச் சின்னம் இருக்கிறது. சக்கரவர்த்திகளுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்த ஊர்கள் எத்தனையோ உண்டு. பாதியில் நிறுத்திய வேலைக்காக ஒரு தொழிலாளிக்கு நினைவுச் சின்னம் எழுப்பிய ஊரை எனக்குத் தெரிந்து வேறெங்கும் கண்டதில்லை.

1947-ல் உப்பு வரி ஒழிந்தது. அதற்கு முந்திய வருஷமே வேதரத்தினம் பிள்ளை வேதாரண்யத்தில் கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தை ஆரம்பித்துவிட்டார்; இன்றும் அங்கே பெண் குழந்தைகள் படிக்கிறார்கள். ஆனால் வரி ஒழிந்ததனால் உப்பளத்து வேலை இலேசாகிவிடவில்லை. கோடை நடுப்பகலில், வெள்ளைப் பாத்திகளிலிருந்து திரும்பும் வெளிச்சம் கண்ணைப் பிடுங்க, பாளம் பாளமாக வெடித்த காலோடு உப்புத் தண்ணீரில் நின்று வாருகிறவர்களை இன்றும் பார்க்கலாம். அவர்களைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

உப்போடு சரித்திரம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேதாரண்யத்துக்கு வடக்கே கடலோரமாக நாலுவேதபதி என்று ஒரு கிராமம். விவசாயக் கிராமம். 2002-ம் வருஷம் டிசம்பரில், அங்கே ஜனங்கள் கூடி ஒரே நாளில், 24 மணி நேரத்துக்குள், 80,244 மரக்கன்றுகளைக் கடற்கரையோரம் நட்டார்கள். கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. சாதனைப் புத்தகங்களில் எனக்குப் பெரிய மதிப்புக் கிடையாது. ஒரு நாளில் இத்தனை இட்டிலி தின்றவன் பெயரும் அதில் வந்துவிடுகிறது. ஆனால் இந்த விஷயம் வேறு.

2004 டிசம்பர் 26-ம் தேதி காலையில் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். கோடிக்கரையில், சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்ட பழைய செங்கல் கட்டிடமும் அன்றோடு போயிற்று. நாலுவேதபதி பெரும்பாலும் தப்பியது. அலைக்கும் வீடுகளுக்கும் நடுவே மரங்கள் நின்றன. மரங்கள்தாம் காப்பாற்றின என்று ஊரார் சொல்கிறார்கள். மணல்மேடும், வீடுகள் கரையைவிட்டுத் தள்ளி இருந்ததும்கூடக் காரணம் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். எதுவானாலும், கன்று நட்டவர்களை அதற்குப் பிறகு யாரும் பரிகசிக்கவில்லை.

பிறகு 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை கஜா புயல், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. அலையைத் தாங்கிய மரங்கள் காற்றைத் தாங்கவில்லை. சவுக்கு முறிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பலன் கொடுத்த மாமரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னைகள் விழுந்ததற்குக் கணக்கே இல்லை. உப்பளங்களில் கடல் சேறு வந்து படிந்தது. கோடிக்கரைக் காட்டில் மான்கள் மடிந்தன. 1952-ம் வருஷத்துப் பெரும் புயலைப் பார்த்த கிழவர்கள்கூட இது அதைவிட மோசம் என்றார்கள்.

தென்னை விழுவது பட்டணத்துக்காரனுக்கு ஒரு மரம் விழுவது. குடியானவனுக்கு அது பிள்ளையின் பள்ளிச் சம்பளம், பெண்ணின் கல்யாணம், கடைசிக் காலத்துக் கஞ்சி. மறுபடி கன்று வைத்தால் குரும்பை பிடிக்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். அதுவரை என்ன சாப்பிடுவது? ஊரை விட்டுக் கூலிக்குப் போனவர்கள் உண்டு. போகாதவர்கள் விழுந்த மரத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி அடுத்த கன்றை வைத்தார்கள். "புயலும் இங்கதான் வரும், நாமளும் இங்கதான் இருக்கணும் தம்பி" என்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பேசுகிற பெரியவர்களை அந்தப் பக்கத்துத் தோப்புகளில் பார்க்கலாம்.

ஆகவே, அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ரயிலில் போங்கள். பல வருஷம் ஓடாமல் கிடந்த திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளிப் பாதை, 37 கிலோமீட்டர், அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தது. குளிர் காலத்தில் போனால் சதுப்பில் பூநாரைகள் நிற்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு மேயும் பறவை வேறெதுவும் நம் பக்கத்தில் இல்லை. கோடிக்கரையில் 1967 முதல் சரணாலயம். முறுக்கிய கொம்போடு வெளிமான்கள் புல்வெளியில் மேய்கின்றன. ராமர் பாதம் என்கிற மணல்மேட்டில் ஏறினால் காடும் சதுப்பும் ஒரே பார்வையில் தெரியும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் இங்கே பூங்குழலியைத் தேடுவார்கள். தேடட்டும், குழகர் கோயில் அப்படியே இருக்கிறது. பாலைப்பழம் பழுக்கும் காலமாக இருந்தால் வாங்கித் தின்னுங்கள். பாலின் பிசின் உதட்டில் ஒட்டும், இனிப்பு அதற்கு ஈடு செய்துவிடும். ஆடி அமாவாசை, தை அமாவாசைகளில் போனால் கடலைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் நல்ல நாள் ஏப்ரல் 30. வெயில் கொளுத்தும், இருந்தாலும் அன்றைக்குப் போக வேண்டும். வருஷா வருஷம் தியாகிகளின் பிள்ளைகளும் பேரன்மார்களும் அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணுக்கு நடந்து போய், பக்கத்தில் குனிந்து உப்பு அள்ளுகிறார்கள். நீங்களும் கூடப் போய் ஒரு பிடி எடுக்கலாம். அதை நாக்கில் வைத்தால் சிறிது கசக்கும். பாத்தியிலிருந்து புதிதாக எடுத்த உப்பு அப்படித்தான். சில நாள் குவியலில் கிடந்து, கசப்புத் தண்ணீர் வடிந்த பிறகுதான் அது குழம்புக்கு ஆகும்.